கார் ஸ்பீக்கரும் ஓம் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்துலதான் வந்து நிக்குது, ஓம். எத்தனை ஓம் வாங்கணும், எத்தனை ஓம்ல மாட்டணும், மாட்டுனா கார் பாட்டு செட்டு (ஸ்டீரியோ) தாங்குமா. அதனால இந்த தடவை மத்த கேள்விய எல்லாம் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க, கூட்டல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

கேள்வி: அண்ணா, வீட்ல பழைய ஹோம் தியேட்டர் ஒண்ணு சும்மா கிடக்குது, ஸ்பீக்கர் பின்னாடி 8 ஓம்ஸ்னு போட்டிருக்கு. அதைக் கழட்டி கார் கதவுல மாட்டலாம்னு பாத்தேன். செட்டு போயிடும்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், 8 ஓம்ஸ்னா 4 ஓம்ஸை விட டபுள் பவர்னு இன்னொருத்தன் சொல்றான். எதுண்ணா உண்மை? (அம்மாபேட்டை)

பதில்: ரெண்டுமே தப்பு தம்பி. 8 ஓம் மாட்டுனா செட்டுக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லப்போனா செட்டுக்கு வேலை குறையும். ஆனா பவர் டபுள் ஆகாது, பாதியாகும்.

ஓம்ங்கிறது ஸ்பீக்கரோட தரமும் இல்ல, அதோட பவரும் இல்ல. செட்டுல இருந்து வர்ற கரண்டை அந்த ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு, அவ்வளவுதான். தடுப்பு கம்மின்னா கரண்ட் அதிகம் ஓடும், தடுப்பு அதிகம்னா கரண்ட் கம்மி. வோல்டேஜை ஓமால வகுத்தா ஆம்பியர், வோல்டேஜை அதே வோல்டேஜால பெருக்கி ஓமால வகுத்தா வாட். இதுல முதல் கணக்கு 1827ல ஜெர்மனிக்காரர் ஜார்ஜ் சைமன் ஓம் போட்டது, இன்னைக்கு வரைக்கும் மாறல.

இப்ப உங்க காருக்கு வருவோம். இஞ்சின் ஓடும்போது பேட்டரில 14.4 வோல்ட் வரைக்கும் இருக்கும். டேஷ்போர்டுல இருக்கிற செட்டுக்கு அதுக்கு மேல வோல்டேஜ் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு வயர்லயும் வோல்டேஜை எதிரெதிரா ஆட்டிக் குடுக்கிற சர்க்யூட்டுதான் இப்ப கிட்டத்தட்ட எல்லா செட்லயும் இருக்கு, அப்படிக் குடுத்தும் சராசரியா கிடைக்கிறது 10 வோல்ட் பக்கம். பத்தைப் பத்தால பெருக்கினா 100, அதை 4 ஓமால வகுத்தா 25 வாட், 8 ஓமால வகுத்தா 12.5 வாட். உள்ள வீணாகுறது போக நிஜத்துல 20க்குக் கொஞ்சம் முன்ன பின்னதான் வரும். அப்ப டப்பால 50 வாட் இன்ட்டு 4னு போட்டிருக்காங்களேன்னு கேப்பீங்க. 14.4ஐ அதே 14.4ஆல பெருக்கி 4ஆல வகுத்துப் பாருங்க, 52 கிட்ட வரும். செட்டு முழுசா கிழிஞ்சு போன சவுண்டைக் குடுக்கும்போது வர்ற நம்பர் அது, பாட்டு கேக்குறதுக்கான நம்பர் இல்ல. ஆர்எம்எஸ்னு எழுதியிருக்கிற வாட், அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய வாட், எவ்வளவுன்னு மட்டும் பாருங்க, மத்ததை விட்டுடுங்க.

காருல 4 ஓம் ஏன் வந்துச்சுன்னு இதுலயே புரியும். வீட்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கரண்ட் பிளக்குல இருந்து உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு 30, 40 வோல்ட்னு எடுத்துக்கும், அதுக்கு 8 ஓம் போதும். காருல வோல்டேஜே கம்மி, அதனால ஓமைக் குறைச்சாத்தான் வாட் கிடைக்கும்.

பவர் பாதியானா சத்தமும் பாதியாயிடும்னு நினைக்க வேண்டாம், 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது ஒரு சின்ன வித்தியாசம். ஆனா நான் மாட்டச் சொல்ல மாட்டேன், காரணம் ஓம் இல்ல. அந்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் அதோட சின்ன பெட்டிக்குன்னு செஞ்சது, கதவுக்குள்ள ஓட்டையும் மழைத்தண்ணியும் இருக்கிற இடத்துல வெச்சா பாஸும் (அடி சத்தம்) வராது, ஆடி சத்தம் குடுக்கிற பேப்பர் கோனும் ஊறிப் போயிடும்.

கேள்வி: சார், 4 ஓம்ஸ்னு எழுதின புது ஸ்பீக்கரை மீட்டர்ல வெச்சா 3.4 காட்டுது. கடைக்காரர் டூப்ளிகேட் குடுத்துட்டாரா? (கொண்டலாம்பட்டி, ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

பதில்: இல்லைங்க, நல்ல ஸ்பீக்கர்தான். மீட்டர் அனுப்புறது டிசி, அதாவது ஒரே திசைல ஓடற கரண்ட், அதுல தெரியறது கோனை ஆட்டற காயில் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் (தடுப்பு) மட்டும். பாட்டு ஏசி, திசை மாறி மாறி ஓடற கரண்ட், அதுக்கு இருக்கிற தடுப்பை இம்பீடன்ஸ்னு சொல்றது, அது ஒரே நம்பரா நிக்காது, சவுண்டோட ஃப்ரீக்வென்சிக்கு (செகண்டுக்கு எத்தனை தடவை ஆடுதுங்கிறது) தகுந்த மாதிரி ஏறி இறங்கும். கோன் தானா ஆடப் பிடிக்கிற ஒரு ஃப்ரீக்வென்சி இருக்கு, அந்த இடத்துல சில ஸ்பீக்கர் 20, 30 ஓம் கூடப் போகும், அப்புறம் இறங்கி 4 பக்கம் வரும், மேல கீச்சுக் குரல் பக்கம் போகப்போக மறுபடி ஏறும். இதுல 4ங்கிறது ஒரு பேருக்கு வெச்ச நம்பர். அந்த நம்பர்ல 80 சதவீதத்துக்குக் கீழ எந்த இடத்துலயும் இறங்கக்கூடாதுன்னு சர்வதேச தரத்துல இருக்கு, அதாவது 4 ஓம்னு போட்டா 3.2க்குக் கீழ போகக்கூடாது. உங்க 3.4 அதுக்குள்ளதான் இருக்கு. 4 ஓமுக்கு மீட்டர்ல 3.2ல இருந்து 3.8 வரைக்கும், 8 ஓமுக்கு 6க்கு மேல, 2 ஓமுக்கு 1.6 பக்கம் வந்தா நிம்மதியா மாட்டுங்க.

ஆனா ஒண்ணு, முதல்ல மீட்டரோட ரெண்டு முனையையும் ஒட்ட வெச்சுப் பாத்துக்குங்க. விலை கம்மி மீட்டர்ல அதுவே 0.3 காட்டும், அதைக் கழிச்சுட்டுத்தான் எடுக்கணும். காட்டவே இல்லன்னா காயில் அறுந்து போச்சு, 1 ஓமுக்கும் கீழ காட்டுனா காயில் உள்ள கருகி ஒட்டிக்கிச்சு, அதைத் தெரியாம செட்டுல மாட்டுனா செட்டும் சேந்து போகும். பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டுறப்ப எத்தனை அவசரமா இருந்தாலும் மீட்டர் வைக்காம மாட்டாதீங்க.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், நீங்க தொழில்காரர்ங்கிறதால. காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும். செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். ரொம்ப நேரம் சத்தமா ஓட்டி காயில் 100 டிகிரி கூடிடுச்சுன்னா உங்க 3.4 அப்ப 4.7 ஆயிருக்கும், அதே வால்யூம்ல சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஓட்டுறவர் இன்னும் கொஞ்சம் வால்யூமை ஏத்துவார், காயில் போயிடும். கஸ்டமர்கிட்ட இதைச் சொல்லி வைங்க.

கேள்வி: அண்ணே, என் வண்டில முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர்தான் கம்பெனி குடுத்தது. பின்னாடி ரெண்டு வாங்கி, முன்னாடி வயர்லயே ஜாயின்ட் அடிச்சு இழுத்துட்டேன், எல்லாமே 4 ஓம்ஸ். முதல்ல சூப்பரா இருந்துச்சு. போன வாரம் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில சத்தம் நின்னு போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்துச்சு, திரும்ப நின்னுச்சு. செட்டைத் தொட்டா கொதிக்குது. (சூரமங்கலம்)

பதில்: செட்டு கெட்டுப் போகல, தன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்குது. ஆனா ரொம்ப நாள் அப்படி காப்பாத்திக்க முடியாது, உடனே அந்த ஜாயின்டைப் பிரிங்க.

கிணத்து மோட்டார் ஓடும்போது ஒரு மடைக்குப் பதிலா ரெண்டு மடையைத் திறந்து விட்டா மொத்தத் தண்ணி அதிகமாத்தானே பாயும், பேரலல்ங்கிறது அதுதான். ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே வயர்ல பக்கம் பக்கமா மாட்டினீங்கன்னா கரண்டுக்கு ரெண்டு வழி கிடைச்சுடுது, செட்டுக்கு அது 2 ஓமாத் தெரியும். 10 வோல்ட்ல 4 ஓமுக்கு 2.5 ஆம்பியர் குடுத்துக்கிட்டிருந்த சேனல் (செட்டுல ஒரு ஸ்பீக்கருக்குன்னு இருக்கிற லைன்) இப்ப 5 ஆம்பியர் குடுக்கணும். டேஷ்போர்டு செட்டுக்குள்ள இருக்கிற ஆம்ப் ஐசி (சிப்) பெரும்பாலும் 4 ஓமுக்குன்னு கணக்குப் போட்டது, அந்தச் சூட்டை வெளிய விடறதுக்கு செட்டு பின்னாடி இருக்கிற ஒரு கையளவு அலுமினியம்தான் வழி. சூடு ஒரு அளவைத் தாண்டினா ஐசி தன்னை நிறுத்திக்கும், ஆறினதும் மறுபடி ஓடும். மலை ஏறும்போது ஏன் நின்னுச்சுன்னா ஜன்னலைத் திறந்து வெச்சு, இஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு வால்யூமையும் ஏத்தியிருப்பீங்க. சேலத்துக்குள்ள அஞ்சு ரோட்டுல இருந்து அஸ்தம்பட்டி போற தூரத்துல இது தெரிஞ்சிருக்காது.

பேரலல் கணக்கு இவ்வளவுதான்: ஒரே ஓம் இருக்கிற ஸ்பீக்கர்னா ஓமை எண்ணிக்கையால வகுங்க. ரெண்டு 4 ஓம் 2, நாலு 4 ஓம் 1. ரெண்டும் வேற வேற ஓம்னா, ரெண்டையும் பெருக்கி, அதைக் கூட்டுத்தொகையால வகுங்க. 4ம் 8ம்னா 32ஐ 12ஆல வகுத்து 2.67. சீரிஸ்னா, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாட்டினா, வெறும் கூட்டல், ரெண்டு 4 ஓம் 8.

அப்ப சீரிஸ்ல மாட்டிடலாமேன்னு தோணும். செட்டுக்கு அது பாதுகாப்புதான், ஆனா முன்னாடி ஒரு மாடல் பின்னாடி ஒரு மாடல் வெச்சிருப்பீங்க, சீரிஸ்ல போட்டா ஒண்ணோட இம்பீடன்ஸ் ஏறி இறங்கறது இன்னொண்ணுக்குப் போற வோல்டேஜை மாத்தும், பாட்டு ஒரு மாதிரி குழப்பமா வரும். ஒண்ணு அறுந்தா ரெண்டும் நிக்கும். உங்க செட்டுக்குப் பின்னாடி பாருங்க, பின் ஸ்பீக்கருக்குன்னு தனியா நாலு வயர் பெரும்பாலும் சும்மா விட்டிருக்கும், வெளிய வாங்குற செட்டுல அது பச்சையும் ஊதாவுமா இருக்கும். அதுல நேரா பின் ஸ்பீக்கரை மாட்டுங்க, பிரச்சினை தீந்துச்சு. அந்த வயரே இல்லாத ரெண்டு சேனல் செட்டுன்னா, ஒரு சின்ன 4 சேனல் ஆம்ப் போடுங்க, இல்ல பின் ஸ்பீக்கரைக் கழட்டிட்டு அந்தக் காசுல முன்னாடி நல்ல ஜோடி ஒண்ணு வாங்குங்க. நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், ஓட்டுறவர் முன்னாடிதான் உக்காந்திருக்கார்.

கேள்வி: அண்ணா, 4 பிளஸ் 4 ஓம்ஸ் டபுள் காயில் சப்வூஃபர் (பாஸுக்குன்னு இருக்கிற பெரிய ஸ்பீக்கர்) ஒண்ணு இருக்கு. மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ல 4 ஓம்ல 300 வாட், 2 ஓம்ல 500 வாட், மினிமம் 2 ஓம்னு போட்டிருக்கு. ஒண்ணுக்கு எப்படி மாட்டறது? அதே மாதிரி இன்னொண்ணு வாங்கினா 1000 வாட் வருமா? (ஓமலூர், காலேஜ் மாணவர்)

பதில்: ஒரே சப்வூஃபர்னா சுலபம் தம்பி. ரெண்டு காயிலோட பிளஸ்ஸையும் சேத்து ஆம்போட பிளஸ், ரெண்டு மைனஸையும் சேத்து ஆம்போட மைனஸ். பேரலல், 2 ஓம், 500 வாட் கிடைக்கும், சப்வூஃபர் அந்த ஆர்எம்எஸ்ஸைத் தாங்குமான்னு மட்டும் பாத்துக்குங்க. சீரிஸ்ல போட்டா 8 ஓம், அந்த ஆம்புக்கு அது ரொம்ப சோம்பல் வேலை. ஒரு காயிலை மட்டும் மாட்டி இன்னொண்ணை விட்டா 4 ஓம், ஆனா சூடு தாங்குற திறனும் பாதியாயிடும்.

ரெண்டு காயில்ல ஒண்ணைத் திருப்பி மாட்டிடாதீங்க. ஒண்ணு கோனை வெளிய தள்ளும், இன்னொண்ணு உள்ள இழுக்கும், கோன் அசையாம நிக்கும், அத்தனை பவரும் சூடா மாறி காயில் எரியும். வேகமா நடக்கிற விஷயம் அது.

இப்ப இன்னொண்ணு வாங்கறது. இங்கதான் நிறையப் பேர் காசை விடறாங்க. அதே 4 பிளஸ் 4ல ரெண்டு இருந்தா மொத்தம் நாலு காயில். எல்லாம் பேரலல்னா 1 ஓம், உங்க ஆம்ப் தாங்காது. ஒவ்வொரு சப்வூஃபரையும் உள்ள சீரிஸ் பண்ணி 8 ஆக்கி, ரெண்டு எட்டையும் பேரலல் பண்ணினா 4 ஓம். ஒவ்வொண்ணையும் பேரலல்ல 2 ஆக்கி ரெண்டையும் சீரிஸ் பண்ணினாலும் அதே 4தான். எல்லாம் சீரிஸ்னா 16. எப்படிப் புரட்டிப் போட்டாலும் 2 ஓம் வராது. அப்ப உங்க ஆம்ப் 300 வாட்தான் குடுக்கும், ஆளுக்கு 150.

300 வாட்னு பாத்து மனசு விட்டுடாதீங்க, ஆனா காசை யோசிங்க. 500ல இருந்து 300க்கு வந்ததுல 2 டெசிபல் நஷ்டம், ரெண்டு கோன் சேந்து காத்தைத் தள்றதுல 3 டெசிபல் வரைக்கும் லாபம். மொத்தத்துல இப்ப இருக்கிற அதே சத்தம்தான், இன்னொரு சப்வூஃபர் விலையும் பெட்டி செய்யற கூலியும் குடுத்து, டிக்கி இடத்தையும் விட்டுக்குடுத்து.

ரெண்டு போட்டே தீரணும்னா 2 பிளஸ் 2 ஓம் மாடல்ல ரெண்டு வாங்குங்க. ஒவ்வொண்ணையும் உள்ள சீரிஸ் பண்ணி 4, ரெண்டு நாலையும் பேரலல் பண்ணி 2 ஓம். உங்க 500 வாட் முழுசா வரும், ஆளுக்கு 250. ஆம்போட மினிமம் ஓமை முதல்ல பாத்துட்டு அதுக்குத் தகுந்த காயிலைக் கேட்டு வாங்கறதுதான் முறை, கடைல அழகா இருந்த சப்வூஃபரை வாங்கிட்டு வந்து அப்புறம் கணக்குப் போடறது முறையில்ல. 1000 வாட் அந்த ஆம்புக்குள்ள இல்லவே இல்ல, எத்தனை சப்வூஃபர் மாட்டினாலும் வராது.

கேள்வி: 4 சேனல் ஆம்ப்ல பின் ரெண்டு சேனலை பிரிட்ஜ் பண்ணி (ரெண்டையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேத்து) 2 ஓம்ஸ் சப்வூஃபர் மாட்டினேன், சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது. ஆம்ப் மேலயே 2 ஓம்ஸ் ஸ்டேபிள்னு எழுதியிருக்கே சார்? (ஆத்தூர்)

பதில்: அது தனித்தனி சேனலுக்கு எழுதினது. பிரிட்ஜ் பண்ணும்போது ரெண்டு சேனலும் ஆளுக்குப் பாதி ஸ்பீக்கரைச் சுமக்குது, அதனால 4 ஓம் மாட்டினா ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாத் தெரியும், நீங்க மாட்டுன 2 ஓம் 1 ஓமாத் தெரியுது. ஸ்டீரியோல 2 ஓம் மினிமம்னா பிரிட்ஜ்ல 4 ஓம் மினிமம். உங்க சப்வூஃபர் டபுள் காயிலா இருந்து பேரலல்ல 2 ஆக்கியிருந்தீங்கன்னா சீரிஸுக்கு மாத்திப் பாருங்க, சிங்கிள் காயில்னா வேற சப்வூஃபர்தான்.

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எஸ்டேட் ஜீப் ஓட்டறேன். மழையும் பனியும் ஆரம்பிச்சா இடது பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுது, கதவைத் தட்டுனா வருது. ஸ்பீக்கரை மாத்தியும் பாத்தாச்சு. (ஏற்காடு)

பதில்: ஸ்பீக்கர்ல கோளாறு இல்லைங்க, ஜாயின்ட்ல இருக்கு. உங்க ஊரு ஈரத்துல முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் தாங்காது, டேப்புக்குள்ள தண்ணி நின்னு செம்பு பச்சை பூத்துடும். பச்சை பூத்த ஜாயின்ட் அரை ஓம், 1 ஓம்னு சும்மாவே தடுக்கும், ஈரம் கூடினா இன்னும் தடுக்கும், அதான் விட்டு விட்டு வருது.

ரெண்டு இடத்துல பாருங்க. ஒண்ணு, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடற ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற வயர் மடங்கும், வெளிய தோல் நல்லா இருந்தாலும் உள்ள கம்பி அறுந்து ரெண்டு மூணு இழைல தொங்கிக்கிட்டு இருக்கும். ஸ்பீக்கர் முனைல மீட்டரை வெச்சுக்கிட்டு, செட்டுப் பக்கம் வயரைக் கழட்டி ரெண்டு முனையையும் ஒட்ட வெச்சுட்டு, கதவை ஆட்டச் சொல்லுங்க. ஸ்பீக்கரையும் கழட்டிட்டுத்தான் இதைச் செய்யணும். நம்பர் ஆடாம 0.2, 0.3ன்னு நின்னா வயர் சரி, ஆடினா அங்கதான் கோளாறு. இன்னொண்ணு, ஸ்பீக்கர் பின்னாடி சொருகுற லக். கழட்டி, பச்சையைச் சுரண்டி, புது லக்கை நல்லா கிரிம்ப் பண்ணி, மேல கொஞ்சம் வேஸலின் தடவி விடுங்க, ஈரம் ஏறாது.

ஜாயின்ட் எங்க போட்டாலும் சாலிடர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏத்துங்க, ஆனா கதவு மடங்கற இடத்துல மட்டும் ஜாயின்டே போடாதீங்க, சாலிடர் பிடிச்ச ஓரத்துல கம்பி விறைச்சு ஒடிஞ்சுடும். அங்க முழு வயரா இழுத்துடுங்க.

கேள்வி: எவ்வளவு தடிமன் வயர் போடணும்? செவ்வாய்ப்பேட்டைல வீட்டு வயரிங்குக்கு வாங்கின 1 ஸ்கொயர், 4 ஸ்கொயர் மிச்சம் இருக்கு, ஸ்பீக்கருக்கும் ஆம்ப் பவருக்கும் அதுவே போதுமாண்ணா? (குகை)

பதில்: ஸ்பீக்கருக்கு 1 ஸ்கொயர் போதும். பவருக்கு 4 ஸ்கொயர் போடவே போடாதீங்க.

ஸ்பீக்கர் கணக்கு முதல்ல. 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம். செட்டுல இருந்து பின் கதவுக்கு 5 மீட்டர்னு வைங்க, போக வர 10 மீட்டர், 0.17 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னாடி அது 4 சதவீதம், காதுக்குத் தெரியாது. அதே வயரை 1 ஓம்ல மாட்டின சப்வூஃபருக்குப் போட்டீங்கன்னா ஏழுல ஒரு பங்கு பவர் வயர்லயே போயிடும். அதனால ஓம் குறையக் குறைய வயர் தடிக்கணும், சப்வூஃபருக்கு 2.5 இல்ல 4 ஸ்கொயர் போடுங்க, அந்த மிச்ச 4 ஸ்கொயரை அங்க பயன்படுத்திக்கலாம். இழை இழையா மெல்லிசா இருக்கிற வயரா பாருங்க, கெட்டிக் கம்பி ஆட்டத்துல ஒடியும். சிசிஏன்னு ஒண்ணு விக்கிறாங்க, அலுமினியம் மேல செம்பு முலாம், தடிமன் அதே இருந்தாலும் ஒன்றரை மடங்கு தடுக்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளையாத் தெரிஞ்சா அதுதான்.

இப்ப பவர் கேபிள். இதை நிதானமாப் படிங்க, ஏன்னா இதுல தப்பு பண்ணினா சவுண்டு போறதில்ல, வண்டி எரியும். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப் (கரண்டை அதிகம் வீணாக்காத வகை), 80 சதவீதம் திறன்னு வெச்சா பேட்டரில இருந்து 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்ல அது 45 ஆம்பியர். திறன் கம்மியான கிளாஸ் ஏபி ஆம்ப்னா 65 வரைக்கும் போகும். பாட்டுல அது எப்பவும் ஒரே மாதிரி இழுக்காது, ஆனா பாஸ் விழும்போது இழுக்கும். 4 ஸ்கொயர்ல 5 மீட்டர் போனா 1 வோல்ட் வழியிலயே விழும், வயரும் சூடாகும். 16 ஸ்கொயர் போடுங்க, கால் வோல்ட்தான் விழும்.

பேட்டரி முனைல இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் இருந்தே ஆகணும். ஆம்ப் மேல ஃபியூஸ் இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு கேக்காதவங்களே கிடையாது. ஆம்ப்ல இருக்கிறது ஆம்பைக் காப்பாத்த, பேட்டரி பக்கத்துல இருக்கிறது அந்த வயரைக் காப்பாத்த. இஞ்சின் ரூம்ல இருந்து தகரத்தைத் துளைச்சு கேபிள் உள்ள வருது, ஓட்டைல ரப்பர் கிராமெட் (வளையம்) போடாம விட்டா தகர ஓரம் உராஞ்சு உராஞ்சு இன்சுலேஷன் கிழியும், கம்பி பாடில படும், ஃபியூஸ் இல்லன்னா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அதுல கொட்டும். கார்பெட்டுக்கு அடியில அந்த கேபிள் பழுத்துப் போயிடும். கிராமெட்டையும் ஃபியூஸையும் விட்டுட்டு மாட்டற கடை எந்தக் கடையா இருந்தாலும், எவ்வளவு நல்லாப் பேசினாலும், வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

மைனஸ் பக்கமும் அதே தடிமன்தான், ஆம்ப் பக்கத்துலயே பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்துல போல்ட் போட்டு முடுக்குங்க. எர்த் சரியில்லன்னா இஞ்சின் ஏத்தும்போது உய்ய்னு ஒரு சத்தம் ஸ்பீக்கர்ல வரும்.

கேள்வி: லாரிங்க, 24 வோல்ட். ரெண்டு பேட்டரில ஒண்ணுல இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து கார் ஆம்ப் மாட்டிருக்கேன், நல்லாத்தான் பாடுதுங்க. ஆனா வருசா வருசம் ஒரு பேட்டரி செத்துப் போகுதுங்க. (சங்ககிரி)

பதில்: பாட்டுதாங்க அதைக் கொல்லுது. ரெண்டு பேட்டரியும் சீரிஸ்ல இருக்கு, ஆல்டர்நேட்டர் ரெண்டையும் ஒண்ணாத்தான் சார்ஜ் பண்ணும், 28 வோல்ட் வந்தா ஆளுக்குப் பாதின்னு நினைச்சுக்கும். நீங்க ஒண்ணுல இருந்து மட்டும் எடுக்கறதால அது எப்பவும் அரைகுறை சார்ஜ்ல கிடக்கும், இன்னொண்ணு தேவைக்கு மேல சார்ஜ் ஆகி தண்ணி வத்தும். பாட்டு எடுக்கிறது ஒண்ணு சீக்கிரம் போகும், அடுத்தது பின்னாடியே போகும்.

24ல இருந்து 12 ஆக்கற கன்வெர்ட்டர் வாங்கி ரெண்டு பேட்டரியும் சேந்த 24 வோல்ட்ல மாட்டுங்க. செட்டு மட்டும்னா 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும், ஆம்பும் இருந்தா ஆம்ப் ஃபியூஸ்ல என்ன ஆம்பியர் போட்டிருக்கோ அதைத் தாங்கற கன்வெர்ட்டர் வேணும். விலை கொஞ்சம் அதிகம்தான், வருசத்துக்கு ஒரு பேட்டரி வாங்கறதுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க.

கேள்வி: கதவு ஸ்பீக்கரோட தனியா ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) சேத்து மாட்டினா அதுவும் 2 ஓம் ஆயிடாதா? (கன்னங்குறிச்சி)

பதில்: நல்ல கேள்வி. ட்வீட்டர் வயர்ல குட்டி கெபாசிட்டர் ஒண்ணு இருக்கும் பாருங்க, அது இருக்கிற வரைக்கும் பயமில்ல. 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபேரட் போட்டா 8500 ஹெர்ட்ஸுக்கு மேலதான் அது நல்லா கரண்ட் வாங்கும், அதுக்குக் கீழ இறங்க இறங்க செட்டுக்கு ட்வீட்டர் இருக்கறதே தெரியாமப் போயிடும். அந்த மேல் பக்கத்துல கதவு ஸ்பீக்கரோட இம்பீடன்ஸும் ஏறியிருக்கும், பாட்டுல பவரும் அங்க கம்மி. அந்த கெபாசிட்டரைப் பிடுங்கிட்டு நேரா மாட்டினா மட்டும் 2 ஓம் ஆகும், அதுக்கும் முன்னாடி ட்வீட்டர் எரிஞ்சிருக்கும். ட்வீட்டரை 8 ஓமுக்கு மாத்தினா அதே கெபாசிட்டர்ல அந்த 8500 ஹெர்ட்ஸ் எல்லை 4200க்கு இறங்கிடும், அதையும் கவனிங்க.

கேள்வி: புது ஸ்பீக்கர் போட்டும் பாஸே இல்ல, தலையை ஒரு ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா மட்டும் கேக்குது. (அழகாபுரம்)

பதில்: ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. ஒரு கோன் வெளிய வரும்போது இன்னொண்ணு உள்ள போகுது, பாஸ் ஒண்ணையொண்ணு அழிச்சுடுது. ஒவ்வொரு ஸ்பீக்கரோட வயரையும் செட்டுப் பக்கம் கழட்டி ஒரு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியைத் தொட்டு எடுங்க, பிளஸ்ல பிளஸ் தொட்டா கோன் வெளிய வரணும். வெளிய வாங்கின செட்டுல வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸை பாடில எர்த் பண்ணிடாதீங்க, மேல சொன்னேன் பாருங்க, ரெண்டு வயரும் ஆடுதுன்னு, எர்த் பண்ணினா ஐசி போயிடும்.

கேள்வி: ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வண்டில ஹார்ன் கட்டி அறிவிப்பு பண்ணணும். மைக் செட் யூனிட் 16 ஓம்ஸ், கார் ஆம்ப்ல மாட்டலாமா சார்? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: தாராளமா மாட்டலாம். 4 ஓமுக்கு 60 வாட் குடுக்கற சேனல் 16 ஓமுக்கு 15 வாட்தான் குடுக்கும், ஆனா ஹார்னுக்கு அதுவே தெரு முனை வரைக்கும் போகும். ரெண்டு ஹார்னை பேரலல்ல கட்டினா 8, நாலு கட்டினா 4 ஓம், எதுவா இருந்தாலும் ஆம்ப் தாங்கும். அடி சத்தம் போகாம ஆம்ப்ல ஹை பாஸ் ஃபில்டரை (கீழ் சத்தத்தைத் தடுக்கிறது) 400 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சுடுங்க, இல்லன்னா யூனிட்டோட டயாஃப்ரம் கிழியும். ஆம்ப்ல அந்த அளவுக்கு ஏறலன்னா 16 ஓம் யூனிட் ஒவ்வொண்ணுக்கும் 25 மைக்ரோஃபேரட் நான் போலார் கெபாசிட்டர் ஒண்ணு சீரிஸ்ல போடுங்க. ஹார்ன் மேல 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் (மைக் செட் ஆம்புக்குன்னு வெச்சது) இருந்தா அதைத் தாண்டி நேரா யூனிட்டுக்கு வயர் குடுங்க, 10 வாட்னு போட்ட முனைல அந்த டிரான்ஸ்ஃபார்மர் 1000 ஓமாத் தெரியும், கார் ஆம்ப்ல சத்தமே வராது.